தச்சு மேசைக் கேள்விகள்: காசைக் காலில் போடுங்கள்

கேள்வி: தச்சு வேலைக்கு மேசை செய்ய எவ்வளவு செலவாகும்?

நீளம் இல்லை, அகலம் இல்லை, என்ன மரம் என்றும் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஐந்தடிக்கு இரண்டடி, இரண்டரை அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்கிறேன். மேல்பலகைக்கு 2 கன அடி, காலுக்கும் சட்டத்துக்கும் இன்னொரு 2. கழிவு சேர்த்து 5. அதை உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். அடுத்த முறை அளவு எழுதுங்கள்.

கேள்வி: உயரம்?

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான். ஐந்தரை அடி ஆளுக்கு 32 அங்குலம் போல வரும்.

கேள்வி: மேல்பலகைக்கு பிளைவுட் போதுமா?

போதும். 19 மி.மீ. தாள் இரண்டை ஒட்டுங்கள். பார்ட்டிகிள் போர்டு மட்டும் வேண்டாம், கொட்டாப்புளி அடியில் ஸ்க்ரூ பிடி விட்டுவிடும்.

கேள்வி: சரக்கு வந்த பேலட் பைன் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, வாங்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். பைனுக்கு எடை குறைவு, தள்ளினால் மேசை நகரும். கீழ்ச் சட்டத்தின் மேல் பலகை போட்டு மணல் மூட்டை வையுங்கள்.

கேள்வி: மூன்று அங்குல வேப்பம்பலகை போட்டேன். கால்களை எல் ஆங்கிள் வைத்து ஸ்க்ரூ அடித்தேன். இழைக்கும்போது ஆடுகிறது. இன்னும் கனமான பலகை போடவா?

வேண்டாம். மாதம் தவறாமல் வருகிற கடிதம் இது, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. எல்லோரும் பலகைக்குக் காசைக் கொட்டிவிட்டு, காலுக்கு வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். இழைப்புளியைத் தள்ளும்போது உங்கள் உடம்பு பலம் முழுக்கப் பக்கவாட்டில் போகிறது. அதைத் தாங்குவது பலகை இல்லை. காலும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடம். அங்கே பிடிப்பு இல்லாமல் மேலே கனம் ஏற்றினால் ஆட்டம் கூடத்தான் செய்யும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: துளை வட்டமாக இருக்காது, முட்டை போல நீண்டிருக்கும், வாயில் மரத்தூள் மாவாக உதிரும்.

பலகையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே நான்கு பக்கமும் 4க்கு 2 அங்குலச் சட்டம் கொடுங்கள். குட்டைப் பக்கத்தில் காலில் துளையடித்து, சட்ட முனையில் செதுக்கிய நாக்கை அதில் இறக்கி, ஃபெவிகால் வைத்துவிடுங்கள். நீளப் பக்கத்துக்கு மூன்று நூல் (3/8 அங்குலம்) போல்ட்டும் அகலமான வாஷரும் போதும். மரம் சுருங்கினால் முடுக்கிக்கொள்ளலாம், வீடு மாறினால் கழற்றலாம். முடுக்குவதற்கு முன்னால் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், இரண்டும் ஒரே அளவு வர வேண்டும்.

காலுக்கு மரம் எங்கே என்று கேட்பீர்கள். பழைய மரக்கடைக்குப் போய், இடித்த ஓட்டு வீட்டு வாசல் நிலைச் சட்டம் கேளுங்கள். என் மேசைக்கு நான்கு காலும் அப்படி வந்த 5க்கு 3 வேங்கைதான். பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆணி உடைந்து உள்ளே நிற்கும் இடத்தைச் சுற்றி மரம் மை கொட்டினதுபோல் கறுத்திருக்கும். காந்தம் ஓட்டிப் பார்க்காமல் அவசரப்பட்டேன், இழைப்புளித் தகட்டில் பல் விழுந்தது.

கேள்வி: தோட்டத்து வேம்பைப் போன மாதம் வெட்டினோம். அதிலேயே செய்யலாமா?

கூடாது. காயாத மரம் வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது! பலகைக் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும். இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து, இடையில் ரீப்பர் (மெல்லிய சட்டம்) வைத்து நிழலில் அடுக்குங்கள். அதுவரை பழைய மரம்.

கேள்வி: மரத்தை இறுக்கிப் பிடிக்க வைஸ் கட்டாயமா?

இல்லை. பலகை முனையில் ஒரு தடுப்புக்கட்டை, இரண்டு ஜி கிளாம்ப். அந்தக் காசைக் காலில் போடுங்கள்.

கேள்வி: பாலிஷ் வேண்டுமா?

ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள்.