காதில் செபமாலை, அடுத்த அறையில் மாமியார்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): சிறு வயதிலிருந்தே, பிரான்ஸ் நாட்டுக் கன்னியாஸ்திரியான புனித குழந்தை தெரேசாள் மீது எனக்கு மிகுந்த பக்தி. அவர் காட்டிய சிறிய வழியில் நடக்க ஆசைப்படுகிறேன். ஆனால் செபத்தில் ஆழமே வரவில்லை. படுக்கையில் இருக்கும் மாமியார் அடிக்கடி கூப்பிடுவதால் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் செபமாலை கேட்கிறேன். அப்படியும் பாதியில் தூங்கிவிடுகிறேன். புனிதைக்குக் கிடைத்த மடத்து அமைதி எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. 5 நாள் தியானத்துக்குப் போய்வந்தால் சரியாகுமா?

பதில்: தூக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், ஆழம் வரவில்லை என்று இரண்டு பத்தி. ஹெட்போனுக்கு அரை வரிதான். எனக்கு அந்த அரை வரி போதும்.

தூக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் தெரேசாளும் செப நேரத்தில் தூங்கியவர்தான், அதுவும் வருடக்கணக்கில். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். செபமாலை சொல்வது, உடம்பை வருத்தும் தவக் கருவியை மாட்டிக்கொள்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அது ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை அந்த ஹெட்போன். படுக்கையில் கிடக்கும் ஒருவர் எதற்குக் கூப்பிடுவார்? தண்ணீருக்கு, திரும்பிப் படுப்பதற்கு, சில நேரம் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்தக் குரல் காதில் விழாமல் இருக்க நீங்கள் கண்டுபிடித்த வழி செபமாலை. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும். டிவி சத்தத்தை ஏற்றி வைத்திருந்தால் உங்கள் மனசாட்சியாவது உறுத்தியிருக்கும், செபமாலை என்பதால் அதுவும் உறுத்தவில்லை.

மடத்து அமைதி என்கிறீர்களே, அவர் இருந்த மடம் எப்படி இருந்தது என்று அவர் எழுதியதையே படியுங்கள். பிரான்சின் லிசியே ஊரில், கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் 1888 ஏப்ரலில், 15 வயதில் நுழைந்தவர், 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் காசநோயால் இறக்கும்வரை அந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தார். மாலைத் தியானத்தில் அவருக்குப் பின்னால் உட்காரும் ஒரு சகோதரி வந்ததுமே விநோதமான ஒரு சத்தம் எழுப்புவார், இரண்டு சிப்பிகளை உரசுவது போல. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு, பொறுத்துக்கொள்வதிலேயே உடம்பெல்லாம் வியர்த்துவிடுகிறது. கேட்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் செய்ததுதான் விஷயம்: அந்தச் சத்தத்தையே அருமையான ஒரு கச்சேரி போல உன்னிப்பாகக் கேட்டு, அதை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். அன்றைய தியானம் முழுக்க அவ்வளவுதான். அவருடைய சிறிய வழி என்பது இதுதான் அம்மா. படத்தில் ரோஜாப்பூ வைத்திருப்பது அல்ல.

அதே மடத்தில் புனித பேதுருவின் சகோதரி என்று வயதான, நடக்க முடியாத ஒருவர் இருந்தார். மாலை 6 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் மணல் கடிகாரத்தை ஆட்டுவார், கிளம்பலாம் என்று அர்த்தம். யாராவது தியானத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவரைச் சாப்பாட்டு அறைக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். நவதுறவியாக, அதாவது பயிற்சியில் இருந்த தெரேசாள் தானாக முன்வந்தார். மனமுவந்து என்று சொல்ல முடியாது, அந்தச் சகோதரியைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் போனார். வேகமாக நடந்தால் விழப்போகிறேன் என்பார், மெதுவாக நடந்தால் நீ பின்னால் வருவதே தெரியவில்லை என்பார், கடைசியில் நீ ரொம்பச் சின்னப் பிள்ளை, உனக்கு இதெல்லாம் வராது என்பார். கொஞ்ச நாளில் ரொட்டியைத் துண்டுபோட அவருக்குக் கை வரவில்லை என்று கவனித்து, கேட்காமலேயே அதையும் செய்துவிட்டு, ஒரு புன்னகையோடு கிளம்பினார். மடத்தில் தியான நேரத்தைவிடப் புனிதமான நேரம் ஏது? அதிலிருந்துதான் எழுந்து போயிருக்கிறார். நீங்களோ எழுந்து போகாமல் இருப்பதற்கு அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

சண்டை முற்றி நாக்கு நுனியில் கெட்ட வார்த்தை வரும்போது அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம், தப்பில்லை. ஒரு சகோதரியிடமிருந்து தெரேசாளே அப்படி ஓடியிருக்கிறார். ஆனால் சண்டையிலிருந்து ஓடுவது வேறு, தண்ணீர் கேட்பவரிடமிருந்து ஓடுவது வேறு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் கணவர் எங்கே? கூப்பிடுவது அவரைப் பெற்ற தாய். மருமகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் முதல் கடமை மகனுக்குத்தான், இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. தெரேசாளின் அப்பா லூயி மார்ட்டின் மூளை பாதிக்கப்பட்டு 1889-ல் கான் (Caen) நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல் இருந்தார். 1892-ல் வீடு திரும்பிய பிறகு 1894 ஜூலையில் இறக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டவர் அக்கா செலின். அவருக்கும் மடத்துக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. அப்பாவை அடக்கம் செய்த பிறகுதான், அந்த செப்டம்பரில், கார்மேலுக்குள் போனார். அவ்வளவு நாள் மடத்து வாசல் திறந்துதான் கிடந்தது.

சரி, செய்ய வேண்டியது. இன்று ராத்திரி செபமாலையை மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் பதில் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் விடுங்கள். செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லும்போது எதற்காவது நிறுத்தச் சொல்வார், எழுந்து செய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஐந்து தேவ இரகசியமும், அதாவது செபமாலையின் ஐந்து பகுதியும், முடியாமல் போனாலும் பரவாயில்லை. தியானத்துக்கும் தாராளமாகப் போங்கள், உங்களுக்கும் ஓய்வு தேவைதான். ஆனால் அந்த 5 நாளும் உங்கள் கணவர் லீவு போட்டு வீட்டில் இருக்க வேண்டும், அதை அவரிடம் பேசி முடித்த பிறகு பெயர் கொடுங்கள்.