அலுமினியப் படகுக்குப் பெயிண்ட்: கேள்வி பதில்

கேள்வி: பழைய பெயிண்ட் உரிகிறது. அதன் மேலேயே புதிதாக அடித்தால் நிற்குமா?

நிற்காது, பழையதோடு சேர்ந்து உரியும். பழையதைத் தேய்த்தெடுத்தாலும் கவனம் வேண்டும்: அலுமினியத்தைத் தேய்த்த உடனேயே காற்று பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும். உலோகத்தைக் காப்பது அதுதான், ஆனால் பெயிண்டுக்குப் பிடிப்பு தராது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், அப்புறம் தேயுங்கள். மாற்றிச் செய்தால் பிசுக்கைக் கீறல்களுக்குள் நீங்களே அமுக்கிவிடுவீர்கள். 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாள் போதும். கழுவும்போது கவனியுங்கள்: தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, விரிந்து ஓடினால் சுத்தம். நன்றாகக் காய்ந்ததும் தாமதிக்காமல் அலுமினியத்துக்கான எபாக்சி பிரைமர் அடியுங்கள். கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டாமலிருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயிண்ட் மட்டும் அடிப்பக்கத்துக்கு வேண்டாம்.

கேள்வி: இரும்புக் கம்பி பிரஷ் போடலாமா?

கூடாது. இரும்புத் துகள் பதிந்து அந்த இடம் அரிக்கும். நைலான் பிரஷ் எடுங்கள்.

கேள்வி: எந்த ரிவெட் (தகடுகளை இணைக்கும் தறையாணி) ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகை டிரெய்லரில் வைத்து உள்ளே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். வெளியே கசியும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். பென்சில் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட்டும் அலுமினியத்தை அரிக்கும். தளர்ந்த ரிவெட்டின் தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளிருந்து வாலைத் தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். அதற்குப் பதிலாகச் சாதாரண பாப் ரிவெட் போடாதீர்கள்; அது நடுவில் ஓட்டையானது, அதன் வழியே தண்ணீர் வரும்.

கேள்வி: எஞ்சின் திணறுகிறது.

மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: செம்பு என்றாலே பயமுறுத்துகிறீர்கள். கீழே நாலு கோட் எபாக்சி இருந்தால் என்ன ஆகும்?

கீறல் விழாதவரை ஒன்றும் ஆகாது. ஆனால் படகு கரையில் உரசத்தான் செய்யும். உரசிய இடத்தில் வெறும் அலுமினியம், சுற்றிலும் உப்புநீர். பெயிண்டிலிருந்து கரையும் செம்பு அதில் படிந்தால் சின்னஞ்சிறு மின்கலம்தான். அரிப்பு மேலாகப் பரவாமல் அந்த ஒரே இடத்தில் ஆழமாகக் குழிக்கும்.

மறுகேள்வி: சில பெயிண்டில் சேர்க்கும் குப்ரஸ் தயோசயனேட்டும் செம்புதானே? அதை அலுமினியத்துக்கென்றே விற்கிறார்களே?

சரியான கேள்வி. செம்பு பெயிண்டில் வழக்கமாக இருக்கும் குப்ரஸ் ஆக்சைடு அளவுக்கு அது மூர்க்கமானதல்ல. டப்பாவில் அலுமினியத்துக்கு என்று எழுதியிருந்து, கீழே எபாக்சி தடுப்புக் கோட்டும் முழுமையாக இருந்தால் அடிக்கலாம். அப்படியும் என் தேர்வு செம்பே இல்லாததுதான். கொட்டலசு கொஞ்சம் கூடுதலாக ஒட்டினால் சுரண்டிவிடலாம், தகட்டில் ஓட்டை விழுந்தால் வெட்டி ஒட்டுப்போட வேண்டும்.

மறுகேள்வி: அப்படியானால் செம்பு ஏற்றிய மரம்?

எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு, மட்காமலிருக்கச் செம்பு உப்பு ஏற்றிய பிளைவுட்டும் ஆகாது. ஈரமானால் அதே கதைதான்.

கேள்வி: ஸ்டீல் உல் போட்டுத் தேய்க்கலாமா?

கம்பி பிரஷ்ஷுக்குச் சொன்ன பதில்தான். கூடாது.

கேள்வி: பெயிண்டை உரிக்கக் காஸ்டிக் சோடா?

அலுமினியத்தையே தின்றுவிடும். தொடாதீர்கள்.

கேள்வி: ஆனோடுக்கும் (படகுக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் உலோகக் கட்டி) சேர்த்துப் பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. மூடினால் வேலை செய்யாது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.