ஷிம்மல்ஃபென்னிக்: இந்த ஜெர்மன் குடும்பப் பேரு எங்க இருந்து வந்துச்சு, எத்தனை பேருக்கு இருக்கும்?

ஷிம்மல்னா பூசணம், ஃபென்னிக்னா 2002ல யூரோ நோட்டு வர்ற வரைக்கும் அங்க புழங்குன சில்லறைக் காசு, ரெண்டையும் சேர்த்தா காசை வெளிய எடுக்காம பூசணம் புடிக்க விடுறவன், அதாவது நம்ம ஊர்ல எச்சக் கையால காக்கா ஓட்டாதவன்னு சொல்வோமே அந்த ஆளு 😄 யாரோ ஒரு கஞ்சனுக்கு ஊர் வெச்ச பட்டப்பேரு, அப்புறம் புள்ள பேரன்னு ஒட்டிக்கிச்சு. இதே மாதிரி ஹாஸன்ஃப்ளூக்னும் ஒண்ணு இருக்கு, ஏரைக் கண்டாலே புடிக்காதவன்னு அர்த்தம், எந்தச் சோம்பேறி விவசாயியோ!

டச்சுல இதே பேரு ஸ்கிமல்பென்னிங்க், 1805ல நெதர்லாந்தை ஆண்டவருக்கே இந்தப் பேருதான். நாடக ஆசிரியர் ரோலண்ட் ஷிம்மல்ஃபென்னிக் இப்பவும் எழுதுறாரு.

எண்ணிக்கைன்னு பாத்தா ம்யுல்லர், ஷ்மிட் மாதிரி தெருவுக்கு நாலு பேர் கெடையாது, அபூர்வம்தான். பேரு ஆராய்ச்சி பண்றவங்க பெரும்பாலும் 2005 லேண்ட்லைன் கனெக்‌ஷன் லிஸ்ட்டைத்தான் எடுப்பாங்க, ஏன்னா அதுக்கப்புறம் எல்லாரும் மொபைலுக்குப் போயிட்டாங்க. ஒரு கனெக்‌ஷன்னா ஒரு வீடு, அதனால அதுல வர்ற நம்பரை அப்படியே ஆள் கணக்குன்னு எடுத்துக்காதீங்க, வீட்டுக்கு ரெண்டு மூணு பேருன்னு பெருக்கிக்கணும். ஸ்பெல்லிங் மாத்தி எழுதுற ஷிம்மல்ஃபெங் குடும்பங்களையும் தனியா தேடிப் பாருங்க.