தொட்டியில் நீர் இறங்கவில்லையா?

தம்பி, தொண்டியில் கல்லூரித் திட்டத்துக்காகக் கட்டிய சிறு வடிகட்டும் தொட்டியில், அரைத்த தங்கத் தாதுவைக் கொட்டியதும் நீர் இறங்காமல் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான மாவுதான் அடியில் வடிகட்டும் துணியின் கண்ணை அடைக்கிறது. தாதுவை வாளி நீரில் கலக்கி, அதன் மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வடித்துவிடுங்கள். நாலைந்து முறை செய்ய வேண்டும்.

அப்புறம் அடித்தளம். மரச்சட்டம், அதன்மேல் நம்ம பக்கத்துத் தென்னைநார்ப் பாய், அதற்கும் மேல் கித்தான். பழைய தங்க ஆலைகளிலும் இந்த அடுக்கு உண்டு. கித்தான் ஓரத்தைச் சுவரோரப் பள்ளத்தில் கயிறு வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் மணல் அந்த வழியாக நழுவும். முதல் நீரை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைவது தெரியும்.

சோதனை வெறும் தண்ணீரோடு நிற்கட்டும். ஆலைகளில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு கரைசலின் பிஹெச் (அமில-கார அளவு) 10.5க்குக் கீழே இறங்கினால் நச்சு வாயு கிளம்பும். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிற ஊர் நம்முடையது, சயனைடை வீட்டுப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.