பந்தி முதல் கடற்கரை வரை: இயற்கையோடு இசைந்த திருமணம் குறித்த கேள்வி-பதில்

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருங்கிவிடும் என்பதால், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் திருமணம் நடத்துவது பற்றி வந்திருக்கும் கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான கடிதங்களில் எதை வாங்கலாம் என்ற கேள்விதான் முதலில் நிற்கிறது. என் பதில்களோ எதைக் குறைக்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம் என்ற பக்கமே திரும்புகின்றன. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் மகளின் திருமணத்துக்கு எண்ணூறு பேரை எதிர்பார்க்கிறோம். வாழையிலையில்தான் பரிமாறப் போகிறோம். அதற்கு மேல் உணவு விஷயத்தில் நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா? (மணமகளின் தந்தை, ஈரோடு)

நிறைய உண்டு. இலை மண்ணோடு மண்ணாகிவிடும். அதன்மேல் மிஞ்சிக் கிடக்கும் சோறும் கூட்டும் இனிப்பும்தான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். சமையல் ஒப்பந்தக்காரர்கள் இலைக் கணக்கில் விலை பேசுவதால், முதல் நாள் இரவு வரவேற்பு, மறுநாள் காலைச் சிற்றுண்டி, முகூர்த்தச் சாப்பாடு ஆகிய மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. வரவேற்புக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவர்களில் பலர் மறுநாள் வருவதில்லை. வெளியூர் உறவினர்களும் நெருங்கிய சொந்தங்களும்தான் மூன்று வேளையும் உண்பார்கள். ஆகவே அழைப்பிதழ்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, வேளைவாரியாகத் தனித்தனி எண்ணிக்கை எடுத்து, அதையே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரிமாறும் முறை. கூட்டத்தைச் சமாளிப்பதற்காக, ஆள் உட்காருவதற்கு முன்பே இலை போட்டு, எல்லா வகைகளையும் வைத்துவிடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் இரண்டு இனிப்பு, ஐந்து வயதுக் குழந்தைக்கும் பெரியவருக்கான அதே அளவு. வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கே ஆளே இல்லை. விருந்தினர் அமர்ந்த பின் கேட்டுப் பரிமாற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பந்திக்குச் சில நிமிடம் கூடுதலாகும். பரிமாற இன்னும் சிலர் தேவைப்படுவார்கள். அந்தக் கூலியை இருபத்தைந்து வகையைப் பதினைந்தாகக் குறைப்பதில் மிச்சப்படுத்திக்கொள்ளலாம். வகை குறைந்தால் குடும்ப கௌரவம் குறையும் என்று வாதிடும் பெரியப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினால், அவரும் சாப்பிட்டு முடித்த பிறகு அதைப் பற்றிப் பேச மாட்டார்.

பாத்திரத்தில் மிஞ்சுவதையும் இலையில் மிஞ்சுவதையும் வேறுவேறாகக் கையாள வேண்டும். கை படாமல் பாத்திரத்தில் இருப்பதைத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். இதற்கென்றே 2019-இல் உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டிருக்கிறது. கோவையில் 2014-இல் தொடங்கப்பட்ட 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் இப்பணியைச் செய்கின்றன. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, ஆறிப்போன சாதத்தை வைத்துக்கொண்டு அவர்களை அழைப்பதில் பயனில்லை. முன்னதாகவே தகவல் சொல்லி, கடைசிப் பந்தி தொடங்கும்போதே எடுத்துவைத்து, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் ஒப்படைக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி போன்றவற்றைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

எச்சில் இலையை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெறும் இலையை மாடு தின்னலாம். அதோடு சேர்ந்து ஏராளமான சோறும் இனிப்பும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் அசைபோடும் இரைப்பையில் அமிலம் மிகுந்து, மாடு இறந்துபோகவும் கூடும். உரக்குழியோ, சாண எரிவாயுக் கலனோதான் அதற்குச் சரியான இடம்.

பிளாஸ்டிக் குவளைக்குப் பதிலாகக் காகிதக் குவளை, சிறிய தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். காகிதக் குவளையின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. 'மட்கும் பிளாஸ்டிக்' என்று விற்கப்படுபவையும் பெரும்பாலும் தொழிற்கூட உரக்கலன்களின் உயர்வெப்பத்தில்தான் சிதைகின்றன. உங்கள் ஊர்க் குப்பைக்கிடங்கில் அவை மற்ற பிளாஸ்டிக்கைப் போலவே கிடக்கும். எவர்சில்வர் டம்ளர்கள் பாத்திர வாடகைக் கடையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கழுவுவதற்குத் தனி ஆள் வைத்து, மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீரும், இருபது லிட்டர் கேன்களில் சாதாரணத் தண்ணீரும் வையுங்கள்.

வரவேற்பு மேடை காடு போல இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அலங்காரக்காரர் பிளாஸ்டிக் இலைச் சுவரைக் காட்டுகிறார். இன்னொருவர் ஆர்க்கிட், கார்னேஷன் என்று விலை சொல்கிறார். எது சரி? (மணமகள், சென்னை)

வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் இலைச் சுவர் பல மேடைகளைக் காண்பதால், ஒரே நாளில் வாடி எறியப்படும் தொலைதூரப் பூக்களை விட அது மோசம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் காடு வேண்டும் என்று கேட்கிற உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. நாற்றுப்பண்ணைகளிலிருந்து தொட்டிச் செடிகளை வாடகைக்கு எடுங்கள்; பாக்கு, சவுக்கு, பெரணி வகைகளை உயரத்துக்கு ஏற்ப அடுக்கினாலே மேடைக்குப் பின்னே நிழலும் ஆழமும் வந்துவிடும். திருமணம் முடிந்ததும் செடிகள் உயிரோடு பண்ணைக்குத் திரும்பும்.

பூக்களை மாதம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரை மல்லி கோடையில் கொட்டும் பூ. பனிக்காலத்தில் வரத்து குறைந்து, கிலோ ஆயிரங்களில் விற்கும். தை முகூர்த்தத்துக்குச் செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து ஆகியவற்றைக் கொண்டு திட்டமிட்டால் செலவும் குறையும், நிறமும் நிறையும். மாலைகளை வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஜரிகையும் நைலான் நூலும் கலந்துவிட்டால், அந்த மாலையை உரக்குழியில் போட முடியாது. பூக்களைச் செருகி வைக்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டியும் மட்காத பிளாஸ்டிக்தான். நறுக்கிய வாழைத்தண்டு அந்த வேலையை நன்றாகவே செய்யும், ஈரத்தையும் தாங்கிக்கொள்ளும். தென்னங்குருத்துத் தோரணத்தில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: விரியாத குருத்தை வெட்டினால் மரத்தின் வளர்ச்சி பின்தங்குகிறது. எப்படியும் வெட்டப்படவிருக்கும் மரத்திலிருந்து குருத்து கிடைத்தால் கட்டுங்கள். இல்லாவிட்டால் மாவிலையும் வாழைமரமும் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாசி மாதம், மணலில் மேடை போட்டு இரவு வரவேற்பு நடத்த நினைக்கிறோம். இயற்கையோடு ஒன்றிய திருமணம் என்பது இதுதானே? (மணமகன், சென்னை)

அழகான எண்ணம்தான், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம்தான் இடிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமைகள் இரவில் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஏறத்தாழ 45 நாளுக்கு மேல் ஆன பிறகு குஞ்சுகள் பொரித்து வெளியே வருகின்றன. இருட்டில் அதிக வெளிச்சமுள்ள திசையே கடல் என்பது அவற்றின் பிறவி அறிவு. அலங்கார விளக்குகள் கரைப்பக்கம் எரிந்தால் அவை கடலை விட்டு உங்கள் மேடையை நோக்கி வந்து, நாய்க்கும் காக்கைக்கும் சாலை வாகனங்களுக்கும் இரையாகின்றன. தாய் ஆமை கரையேறத் தயங்கித் திரும்பிவிடுவதும் உண்டு. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவுதோறும் சென்னைக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருவது, ஓரளவுக்கு இந்த வெளிச்சத்தின் காரணமாகத்தான்.

நிகழ்ச்சியைப் பகலுக்கு மாற்றி, மாலை வெயில் தணியும் நேரத்தில் முடித்துக்கொள்வதே என் பரிந்துரை. இரவில்தான் என்றால், மணலை விட்டுச் சுற்றுச்சுவருக்கு உள்ளே வாருங்கள். விளக்குகள் தாழ்வாகவும், மஞ்சள் நிறத்திலும், கடலுக்கு முதுகு காட்டியும் இருக்கட்டும். பறக்கும் விளக்கு, பலூன், பளபளப்புக் காகிதத் துகள் ஆகிய எதுவும் வேண்டாம். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது எப்படியும் சட்டம்.

தாம்பூலப் பையில் மரக்கன்று கொடுக்கலாமா? விதைப்பந்து சிறந்ததா? (வாசகர், மதுரை)

மரக்கன்று கொடுப்பது இப்போது பெருவழக்காகிவிட்டது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் கையில் புங்கன் கன்றைக் கொடுத்தால், அது பேருந்திலேயே வாடும். நமக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. தையிலும் பங்குனியிலும் கொடுக்கப்படும் கன்று நேராகக் கோடையைச் சந்திக்கிறது. விதைப்பந்தை வீசிவிட்டுப் போவதில் முளைத்துப் பிழைப்பவை மிகக் குறைவு.

நடுவதற்கு இடம் இருக்கிறவர்கள் யார் என்று முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு மட்டும் வேம்பு, நாவல், பூவரசு, மகிழம் போன்றவற்றைக் கொடுங்கள். மற்றவர்களுக்குத் தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் போட்ட மஞ்சப்பை போதும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்கு முன்பிருந்தே அது நம் கல்யாண வீடுகளின் பைதான். பையில் மணமக்கள் பெயரைப் பெரிதாக அச்சிட்டால் பலர் அதைக் கடைக்கு எடுத்துச் செல்லத் தயங்குகிறார்கள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். கன்றுக்கு ஒதுக்கிய பணத்தை உங்கள் ஊர்ப் பள்ளியிடம் கொடுத்து, ஐப்பசியில் நட்டு, இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தால் மரம் பிழைக்கும்.

அம்மாவின் பழைய கூறைப்புடவையை உடுத்தலாமா, அல்லது அகிம்சைப் பட்டு வாங்கலாமா? (மணமகள், சேலம்)

அந்துப்பூச்சி வெளியேறிய பின் கூட்டிலிருந்து நூற்கப்படுவது அகிம்சைப் பட்டு. இழை அறுந்திருப்பதால் காஞ்சிப் பட்டின் மினுமினுப்பு அதில் இருக்காது. உயிர்க்கொலை உங்கள் மனத்தை உறுத்தினால் அதை வாங்குங்கள். சுற்றுச்சூழல்தான் காரணம் என்றால் அம்மாவின் புடவைக்கு நிகர் எதுவும் இல்லை. மடிப்புகளில் இற்றுப்போயிருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேவையான இடத்தில் உட்துணி தைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழ், பேனர் குறித்துச் சொல்லுங்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பெரியவர்களுக்கு மட்டும் மஞ்சள் தடவிய அச்சுப் பத்திரிகை, மற்றவர்களுக்குக் கைப்பேசியில் அழைப்பு. அச்சிடுவதில் பிளாஸ்டிக் மேலுறையும் பளபளப்புத் தாளும் வேண்டாம்; அழைப்பிதழைச் சுற்றும் பிளாஸ்டிக் உறைக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பேனர் வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு திருமணத்துக்காக வைத்த பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகும் இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மண்டபத்துக் குப்பை எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது? (வாசகி, திருநெல்வேலி)

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் அப்படித்தான் போகும். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. மண்டபத்தில் நடந்தாலும் இதே முறையைப் பின்பற்றுங்கள். சமையற்கட்டு, கை கழுவும் இடம், மணமகள் அறை ஆகிய மூன்று இடங்களிலும் மட்கும் குப்பைக்கும் மட்காததற்கும் தனித்தனிக் கூடை வையுங்கள். பந்தி எடுக்கும் தொழிலாளர்களிடம் முதல் நாளே நேரில் பேசி, கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியையும் முடிவு செய்துவிடுங்கள். மட்கும் குப்பையை எந்த உரக்கூடம் ஏற்கும், வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே மேலாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.