இரண்டு கிளவுட்களில் ஓடும் சேவைக்கு எந்த மெசேஜ் கியூ சரியாக இருக்கும்?

ஆர்டர் வாங்குவது ஒரு கிளவுடில், பில்லும் கிடங்கு வேலையும் இன்னொன்றில் என்று வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. மெசேஜ் கியூ, அதாவது சேவைகளுக்கு இடையே மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொடுக்கும் மென்பொருள், ஓடும் ஒரே கிளஸ்டரை (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர்களை) இரண்டிலும் பரப்பிவிட்டால் என்ன என்ற எண்ணமும் வந்திருக்கும். தயவுசெய்து வேண்டாம். எந்தக் கியூ என்பதைவிட இதுதான் முக்கியம்.

2019இல் நாங்கள் அதைத்தான் செய்தோம். ராபிட்எம்கியூ என்ற மெசேஜ் கியூ மென்பொருள், மூன்று நோடு (சர்வர்): இங்கே இரண்டு, அங்கே ஒன்று, நடுவில் இரண்டையும் இணைக்க ஒரு விபிஎன். கியூக்கள் எல்லாம் மிரர் செய்தவை, அதாவது மற்ற நோடுகளிலும் நகல் உண்டு; பிரிந்துபோன நோடுகளைத் தானே சேர்க்கும் ஆட்டோஹீலும் போட்டிருந்தோம். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு விபிஎன் சில நிமிடம் அறுந்தது. இரண்டு பக்கமும் தனித்தனியாக மெசேஜ் வாங்கத் தொடங்கின. இணைப்பு திரும்பியதும் ஆட்டோஹீல் அதிக கிளையன்ட்கள் இணைந்திருந்த இரண்டு நோடு பக்கத்தை வைத்துக்கொண்டு, தனி நோடை ரீஸ்டார்ட் செய்தது. அந்த நோடு அதுவரை வாங்கியிருந்த மெசேஜ் எல்லாம் போயிற்று. அனுப்பிய சேவைக்கோ மெசேஜ் கிடைத்துவிட்டது என்ற கன்ஃபர்ம் ஏற்கெனவே போய்விட்டது, அதனால் அது மறுபடி அனுப்பவும் இல்லை. லாகையும் டேட்டாபேஸையும் பக்கத்தில் வைத்து, ஆர்டர் ஆர்டராக விடியும்வரை மீட்டோம்.

ராபிட்எம்கியூவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். தொலைதூர இணைப்பின் மேல் கிளஸ்டர் கட்டாதே, தனித்தனி கிளஸ்டர்களுக்கு நடுவே மெசேஜைக் கடத்தும் ஷவல் அல்லது ஃபெடரேஷன் பயன்படுத்து என்று அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. மிரர் கியூவையும் 4.0 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், பெரும்பான்மை நோடுகள் சேர்ந்திருந்தால்தான் இயங்கும் குவோரம் கியூ இருக்கிறதே என்பீர்கள். பெரும்பான்மை இல்லாத பக்கம் அது எதையும் ஏற்காது. மெசேஜ் தொலையாது, சரி, ஆனால் அந்தப் பக்கம் வேலை நின்றுவிடும்.

அப்புறம் நாங்கள் ஒவ்வொரு கிளவுடிலும் தனி ராபிட்எம்கியூ வைத்து, நடுவில் ஷவல் போட்டோம். இணைப்பு போனால் மெசேஜ் இந்தப் பக்கமே காத்திருக்கும். ஒரே மெசேஜ் இரண்டு முறை வரலாம் என்பதால், வாங்கும் சேவை மெசேஜ் எண்ணைப் பதிந்துவைத்துச் சரிபார்க்கிறது. இங்கே அமேசானின் எஸ்கியூஎஸ், அங்கே கூகுளின் பப்சப் என்று அவரவர் மெசேஜ் சேவை, நடுவில் மெசேஜைக் கடத்தச் சின்னப் பாலம் என்று போனாலும் தப்பில்லை. ஆனால் எஸ்கியூஎஸ் அதிகபட்சம் 14 நாள்தான் மெசேஜை வைத்திருக்கும், வந்த வரிசையிலேயே தரும் அதன் ஃபிஃபோ கியூ 5 நிமிடத்துக்குள் வரும் நகலைத்தான் தடுக்கும். பழைய மெசேஜ்களைத் திரும்பப் படிக்க வேண்டுமென்றால், மெசேஜ்களைப் பதிவேடு போல வைத்திருக்கும் காஃப்கா. அதிலும் பக்கத்துக்கு ஒரு கிளஸ்டர், நடுவில் மெசேஜ்களை நகலெடுத்து அனுப்பும் மிரர்மேக்கர். எதுவானாலும் கிளவுடை விட்டு வெளியே போகும் டேட்டாவுக்குக் காசு உண்டு, முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். அந்த இரவுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு நாள் லீவுகூடத் தரவில்லை. திங்கட்கிழமை அறிக்கையில் காரணம் 'மனிதத் தவறு' என்று என் பெயரோடு இருந்தது. மாற்று விபிஎன் டனல் ஒன்று வேண்டும் என்று நான் இரண்டு முறை மெயில் அனுப்பி, பட்ஜெட் இல்லை என்று பதில் வந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்த மெயில்களை இன்னும் வைத்திருக்கிறேன்.