தீம் பார்க் டிக்கெட் ரேட்டை மாத்த மாத்த போறவங்க அனுபவம் எப்படி மாறுது? வேன் ஓட்டுறவன் பார்த்தது

"டிக்கெட் ரேட்டை வருசா வருசம் மாத்துறாங்க, நாளுக்கு ஒரு விலை, க்யூவுக்கு ஒரு விலைங்கிறாங்க, இதுல போறவங்களுக்கு என்ன மாறுது"ன்னு கேட்டிருக்கீங்க. நான் எம்பிஏ எல்லாம் படிக்கலைங்க, உச்சிப்புளி பக்கம் டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன், 12 வருசமா மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைன்னு நம்ம கடக்கரை ஊர் பார்ட்டிங்களையும் ஸ்கூல் புள்ளைங்களையும் மதுரை, கொச்சி, பெங்களூர் பார்க்குக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டு வர்றவன். காலைல எறங்குற முகத்தையும் சாயங்காலம் ஏறுற முகத்தையும் பார்த்துட்டே இருக்கேன், அதை வச்சு சொல்றேன்.

ரேட் ஏறுனதுக்கு ஜனங்க ரெண்டு நாள் பொலம்புவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. உள்ள போன பெறகும் பர்ஸை எடுக்க வைக்கிறதுதான் மறக்க மாட்டேங்குது.

ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்துல ராட்டினம் போடுவாங்கள்ல, அங்க ஏறுற ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிக்கெட். கையில 200 ரூபா இருந்தா புள்ள நாலு வாட்டி சுத்தி வந்து யோசிச்சுதான் எதுல ஏறணும்னு முடிவு பண்ணும், ஏறுனதை ஒரு வாரம் பேசும். ராமேஸ்வரம் 22 தீர்த்தம் அதுக்கு நேர் எதிர், 25 ரூபா டிக்கெட் வாங்கியாச்சு, இனி ஒரு கிணத்தை விடுவாங்களா, பல்லு கிடுகிடுன்னு ஆடும், இருந்தாலும் ஈரத்துணியோட அடுத்த வாளிக்குப் போய் நிப்பாங்க. அது புண்ணிய கணக்கு, சரி. ஆனா பார்க்லயும் ஜனங்க அப்படித்தான் ஓடுறாங்க, "ஆளுக்கு இவ்ளோ கட்டியிருக்கோம்ல, அதுலயும் ஏறிடு"ன்னு வாந்தி எடுத்த புள்ளைய திரும்ப ஏத்துன அப்பாவை நானே பார்த்திருக்கேன்.

இந்த ரெண்டு முறையையும் டிஸ்னிலாண்ட்காரன் முன்னாடியே பண்ணிப் பார்த்துட்டான். 1955ல தொறந்தப்ப நுழையறதுக்கு 1 டாலர், ரைடுக்கு தனிக் காசு. அப்புறம் டிக்கெட் புக் கொடுத்தான், 1959ல இருந்து அதுல ஏ முதல் இ வரைக்கும் சீட்டு, பெரிய ரைடுக்கெல்லாம் இ சீட்டு, அதுவும் புக்ல கொஞ்சந்தான் இருக்கும். மிச்ச ஏ, பி சீட்டு வீணாப் போகக் கூடாதுன்னு ஜனம் சின்ன ரைடு பக்கமும் போகும், கூட்டம் தானா பிரியும். 1982ல சீட்டெல்லாம் வேணாம்னு ஒரே டிக்கெட் ஆக்கிட்டான். அதுக்கப்புறம் சின்ன ரைடை யார் சீண்டுவா, எல்லாரும் பெரிய ரைடு வாசல்லதான். க்யூவைச் சமாளிக்க 1999ல ஃபாஸ்ட்பாஸ்னு கொண்டுவந்தான், அது இலவசம், நேரம் போட்ட சீட்டை எடுத்துட்டு அந்த நேரத்துக்கு வந்தா போதும். 2021ல அதை எடுத்துட்டு காசுக்கு வித்தான், ஃப்ளோரிடால ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், கலிஃபோர்னியால 20.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்ல, தர்ம தரிசனம் ஸ்பெஷல் தரிசனம் பார்த்து வளந்தவங்கதானே நாம. ஆனா கோயிலுக்கு உள்ள போக யாரும் ஆயிரக்கணக்குல கட்டிட்டு வரலையே, அதான் வித்தியாசம்.

போன மே மாசம் கீழக்கரை குடும்பம் ஒண்ணு, ஏழு பேரு. அன்னைக்கு டிரைவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்துட்டாங்க, நானும் உள்ள போனேன். வெயில்ல ஒரு மணி நேரமா நிக்கிறோம், பக்கத்து கம்பி வழியா, க்யூ நிக்காம போக கூடுதல் காசு கட்டி கையில பட்டை கட்டுனவங்க சும்மா நடந்து போறாங்க. எட்டு வயசுப் பையன் கம்பியைப் புடிச்சுட்டு "வாப்பா, நாமளும் டிக்கெட் எடுத்தோம்ல"ன்னான். அவர் ஒண்ணும் சொல்லல, தொப்பியை கழட்டி விசிறிக்கிட்டாரு. ரைடு சூப்பர்தான், எறங்கும்போது பையன் சிரிச்சான், ஆனா வேன்ல வரும்போது அவன் பேசுனது ரைடைப் பத்தி இல்ல, பட்டையைப் பத்தி.

கணக்கு சிம்பிள். மணிக்கு 600 பேரை ஏத்துற ரைடுல 300 சீட்டு பட்டைக்காரனுக்குப் போச்சுன்னா, உங்களுக்கு முன்னாடி 600 பேரு நின்னா ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரமாயிடும். க்யூ நீள நீள பட்டை விக்கும், அப்புறம் க்யூவைக் குறைக்கணும்னு யாருக்கு அவசரம்?

ஆனா நாளுக்கு ஒரு ரேட் போடுறதை நான் குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஆம்னி பஸ் ரேட்டைத் திட்டுற மாதிரி இதையும் திட்டுறாங்க, ஆனா வார நாள் ரேட்டும் ஸ்கூல் குரூப் ரேட்டும் இருக்கிறதாலதான் மண்டபம் மீனவர் வீட்டுப் புள்ளைங்க பார்க்கைப் பார்க்க முடியுது. புதன்கிழமை கூட்டமும் இல்ல, ஒரே ரைடுல மூணு தடவை ஏறுதுங்க.

ஆஃபரையெல்லாம் நிறுத்தி ரேட்டை ஏத்துனா கூட்டம் குறையும், வர்றவன் நல்லா செலவழிப்பான்னு அமெரிக்கால சிக்ஸ் ஃபிளாக்ஸ்ங்கிற பார்க் கம்பெனி 2022ல பண்ணிப் பார்த்தாங்க. முந்தின வருசம் 2.77 கோடி பேர் வந்த இடத்துல 2.05 கோடி பேர்தான் வந்தாங்க. வந்தவன் தலைக்கு கூடுதலா செலவழிச்சான், இருந்தும் மொத்த வருமானம் எறங்கிடுச்சு. வருசா வருசம் வந்த குடும்பத்துக்கு ஒரு வருசம் விட்டுப் போச்சுன்னா பழக்கமே விட்டுப் போயிடும், அதை ஆஃபர் போட்டு திரும்ப இழுக்குறது லேசில்ல.

அப்புறம் சாப்பாடு. கேட்ல பையைத் தொறந்து புளிச்சோத்தை வெளிய வைக்கச் சொல்றது இருக்கே, அதான் எனக்கு ஆகவே ஆகாது. லாக்கருக்கு காசு, தண்ணி டிரெஸ்சுக்கு காசு, அதையெல்லாம் கூட ஒத்துக்கலாம். ஒரு அப்பத்தா மத்தியானம் வெளிய வந்து வேன்லயே உக்காந்து தூக்கைத் தொறந்து சாப்பிட்டுட்டு, "நீயும் சாப்பிடுய்யா, உள்ள ஒரு தோசைக்கு இவ்ளோவா கேக்குறான்"னுச்சு. உள்ள திரும்பப் போகவே இல்ல.

அந்தக் கீழக்கரை குடும்பம் இந்த லீவுக்கும் கூப்பிட்டாங்க. பார்க் வேணாமாம், காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள்ள போட்டுல போயிட்டு அப்படியே தனுஷ்கோடி அரிச்சல்முனை. சாயங்காலம் போலீஸ் விசில் அடிச்சு கெளப்புற வரைக்கும் அந்தப் பையன் தண்ணிய விட்டு வெளிய வரல.